கடிகாரமா, தராசா? ஹெட்போன் வாங்கும் முன் ஒரு கேள்வி

இரவு ஒன்பதரை மணி. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து, கை கழுவிய ஈரத்தோடு கூட்டம் மேடைப் பக்கம் திரும்புகிறது. ஓரமாகப் போட்ட மேசையில் கன்சோலும் லேப்டாப்பும். இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ்கள். டிஜே தலையைச் சாய்த்து, ஹெட்போனின் ஒரு கப்பைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருக்கிறார். மண்டபம் முழுக்க ஒரு பாட்டு ஓட, அவருடைய அந்த ஒரு காதில் மட்டும் வேறொரு பாட்டு ஓடுகிறது. ஒரு கை சக்கரத்தை மெல்லத் தள்ளுகிறது, இன்னொரு கை ஃபேடரில் காத்திருக்கிறது. இரண்டு பாட்டின் அடிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நொடியில் ஃபேடர் ஏறுகிறது. ஆடுகிறவர்களுக்குப் பாட்டு மாறியதே தெரியவில்லை. கால்கள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. அதே டிஜே வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சொந்தமாக ஒரு ரீமிக்ஸ் செய்கிறார். தலையில் இருப்பது மண்டபத்தில் மாட்டியிருந்த அதே ஹெட்போன். பேஸ் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது, குறைக்கிறார். இன்னும் தூக்கலாகத் தெரிகிறது, மறுபடி குறைக்கிறார். காதுக்கு இதமாக வந்ததும் சேமித்துவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் நண்பரின் காரில் போட்டுக் கேட்டால், பாட்டு தகர டப்பாவைத் தட்டியது போல இருக்கிறது. நேற்று இரவு காதில் முழங்கிய அடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. பழி பெரும்பாலும் காரின் ஸ்பீக்கர் மேல் விழும். சில சமயம் மென்பொருள் மேல் விழும். ஹெட்போன் மட்டும் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் முந்தின இரவு மண்டபத்தில் அது தன் வேலையைக் குறையில்லாமல் செய்திருக்கிறது.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மண்டபத்தில் அந்த ஹெட்போனிடம் கேட்கப்பட்டது நேரத்தைப் பற்றிய கேள்வி: இந்த அடி அந்த அடியோடு சேருகிறதா? அறையில் கேட்கப்பட்டது அளவைப் பற்றிய கேள்வி: பேஸ் எவ்வளவு, குரல் எவ்வளவு, எதிரொலி எவ்வளவு? முதல் கேள்விக்குத் தேவை ஒரு கடிகாரம். இரண்டாவதற்குத் தேவை ஒரு தராசு. கடிகாரத்தைக் கொண்டு அரிசி நிறுப்பவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஹெட்போன் விஷயத்தில் அதைத்தான் பெரும்பாலோர் செய்துகொண்டிருக்கிறார்கள். ‘எது நல்ல ஹெட்போன்?’ என்று கடையில் கேட்பதற்கு முன், ‘என் காது இதை வைத்து எதை முடிவு செய்யப் போகிறது?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டால், செலவழிக்கும் பணத்தில் பாதி மிஞ்சும். அந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதே இந்தக் கட்டுரை.

ஒற்றைக் காதில் பிறந்த தொழில்

ஹெட்போன் முதலில் இசைக்காகப் பிறந்ததல்ல. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின், கம்பியில்லாத் தந்திச் செய்தி கேட்பதற்கான ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்குச் செய்து கொடுத்தார். 1958-ல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது வீட்டில் பாட்டுக் கேட்கும் கருவியாயிற்று. டிஜேவின் கைக்கு வந்தது அதற்கும் பத்தாண்டுகளுக்குப் பின்னால். நியூயார்க்கில் பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்த ‘சேங்க்சுவரி’ என்ற நடன விடுதியில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஃபிரான்சிஸ் கிராஸோ ஒரு இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, வேகத்தைப் பொருத்தி, இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்தார். பிராங்க்ஸில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், கூட்டத்துக்குக் கேட்காமல் தனக்கு மட்டும் அடுத்த தட்டு கேட்கும்படி மிக்ஸரில் தானே ஒரு வசதியைப் பொருத்திக்கொண்டார். க்யூ என்று இன்று ஒவ்வொரு மிக்ஸரிலும் இருக்கும் பொத்தானின் வேர் அந்தக் காலத்தில் இருக்கிறது. ஹெட்போன் வந்ததால் டிஜேவுக்குப் புதிதாக ஒரு காது முளைத்தது. ஒன்று நிகழ்காலத்தைக் கேட்டது, மற்றது வரப்போவதைக் கேட்டது.

இந்தத் தொழிலின் அடையாளமாகவே ஆகிப்போன ஹெட்போன்களில் ஒன்று, டிஜேக்களுக்காகச் செய்யப்பட்டதே இல்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் 1988-ல் கொண்டுவந்த எச்.டி. 25, ஒளிபரப்புத் துறைக்கானது. இரைச்சலான இடத்தில் நின்று ஒலிப்பதிவு செய்கிறவர், தன் மைக்கில் என்ன பதிவாகிறது என்று தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கேபிளைச் சேர்க்காமல் சுமார் 140 கிராம் எடை, 70 ஓம் இம்பீடன்ஸ், காதை அழுத்திப் பிடிக்கும் சிறிய கப்கள், அவற்றில் ஒன்றைக் காதிலிருந்து விலக்கித் திருப்பிவைக்கும் வசதி. ஒலிப்பதிவாளரின் சிக்கலும் டிஜேவின் சிக்கலும் ஒன்றே: சுற்றிலும் பெருஞ்சத்தம், அதற்குள்ளே ஒரு சிறு சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஆகவே டிஜேக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பெட்டியில் ‘டிஜே’ என்று அச்சிட்டிருக்கிறது என்பதைவிட, எந்தச் சிக்கலுக்காக அது செய்யப்பட்டது என்பதே முக்கியம் என்ற பாடம் இதில் இருக்கிறது.

இரைச்சலுக்குள் ஒரு கடிகாரம்

மேடையில் ஹெட்போன் ஏன் தவிர்க்க முடியாதது என்பதை ஒலியின் வேகமே சொல்லிவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மண்டபத்தின் முன்பக்கம் பாக்ஸ்களும், 20 மீட்டர் தள்ளி டிஜே மேசையும் இருந்தால், பாட்டு அவருடைய காதுக்கு வர 58 மில்லிசெகண்ட் ஆகிறது. இரண்டு பாட்டின் கிக் டிரம் அடிகளுக்கு இடையே 30 மில்லிசெகண்ட் தாண்டினாலே பழகிய காதுக்கு அது இரட்டை அடியாகக் கேட்கத் தொடங்கிவிடும், ஓடுகிற குதிரை இடறியது போல. பாக்ஸிலிருந்து வரும் சத்தத்தை நம்பிப் பொருத்தினால், டிஜே எவ்வளவு கவனமாக இருந்தாலும் பிசகும். அதனால்தான் விவரம் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர்கள் மேசை அருகிலேயே ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். அதனால்தான் பல டிஜேக்கள் இரண்டு பாட்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கொண்டுவந்து பொருத்துகிறார்கள்.

இதிலிருந்து டிஜே ஹெட்போனுக்கு வேண்டிய குணங்கள் ஒவ்வொன்றாக வரும். முதலாவது, வெளிச்சத்தத்தைத் தடுப்பது. பின்புறம் மூடிய, க்ளோஸ்டு-பேக் வகைதான் இதற்கு உதவும். பின்புறம் திறந்த ஓப்பன்-பேக் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் மேடையில் ஓட்டைக் குடைதான். ஆனால் மூடிய கப்பும் உச்ச ஒலிகளைத் தடுப்பதுபோலத் தாழ்ந்த ஒலிகளைத் தடுப்பதில்லை. பேஸ் கப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். மண்டபத்தின் பேஸை மீறி அடுத்த பாட்டின் கிக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் டிஜே ஹெட்போன்கள் பலவற்றில் பேஸைத் தூக்கி வைக்கிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லை, தேவைக்கேற்ற வடிவமைப்பு. இரண்டாவது, உடலுழைப்பைத் தாங்குவது. ஒரு இரவில் நூறு முறை ஒரு கப்பைத் திருப்பி, தோளில் இடுக்கி, கழுத்தில் தொங்கவிட்டு, கடைசியில் பையில் திணிக்கிறார்கள். கீல் உடையும், கேபிள் வேரில் அறுந்துபோகும், வியர்வையில் குஷன் உரியும். எச்.டி. 25 இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு ஒலி மட்டுமே காரணமில்லை. கேபிள், குஷன், உள்ளிருக்கும் ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறது. கேபிள் அறுந்தால் கேபிளுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

பாட்டுகளைப் பொருத்தித் தரும் சிங்க் பொத்தான் இருக்கும்போது காது எதற்கு, ஹெட்போன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. கிளிக் ஒலியைக் கேட்டபடி கணினியில் உருவாக்கிய இன்றைய பாட்டுகளுக்கு மென்பொருள் போடும் கட்டம் பிசகாமல் உட்கார்ந்துவிடும். ஆனால் தமிழ் டிஜேவின் கூட்டம் இன்றைய பாட்டோடு நிற்பதில்லை. அனிருத்துக்குப் பிறகு 1980களின் இளையராஜா பாட்டைக் கேட்கும். வாத்தியக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்து நேரடியாக வாசித்த அந்தப் பதிவுகளில் வேகம் மூச்சைப் போல ஏறி இறங்கும். பல்லவியில் இருந்த வேகம் இடையிசையில் நூல் அளவு மாறியிருக்கும். கட்டம் அங்கே வழுக்கிவிடும். இது போக, ஒரு பாட்டின் குரலும் அடுத்ததன் குரலும் மோதுகின்றனவா, சுருதி உறுத்துகிறதா, சரணம் முடியும் இடமா நடுவா என்பதையெல்லாம் பொத்தான் சொல்லாது. அதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

▣ பெட்டிச் செய்தி: அட்டையில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

• இம்பீடன்ஸ் (ஓம்): மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு. அதே 1 வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 31 மில்லிவாட் போகும். 250 ஓம் ஹெட்போனுக்கு 4 மில்லிவாட்தான். லேப்டாப்பில் நேராகச் செருகுவதானால் 80 ஓமுக்குள் இருப்பது நல்லது. 250, 300 ஓம் வகைக்கு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் அல்லது ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.
• சென்சிட்டிவிட்டி (டெசிபல்): குறிப்பிட்ட மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது. மேடைக்கு இது கூடுதலாக இருக்க வேண்டும்.
• அதிர்வெண் வீச்சு (ஹெர்ட்ஸ்): ‘5 முதல் 40,000 வரை’ என்று பெரிய எண் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். இளம் காது கேட்பதே ஏறக்குறைய 20 முதல் 20,000 வரைதான். அந்த வீச்சுக்குள் ஒலி சமமாக இருக்கிறதா என்பதை அட்டை சொல்வதில்லை.
• ஜாக்: மிக்ஸர்களில் பெரும்பாலும் கால் அங்குல ஜாக், லேப்டாப்பில் 3.5 மி.மீ. இரண்டுக்கும் பொருந்த, திருகிப் பூட்டும் மாற்றி கூடவே வருகிறதா என்று பாருங்கள். வெறுமனே செருகும் மாற்றி நடுநிகழ்ச்சியில் கழன்றுவிடும்.

தராசின் நேர்மை

ஸ்டுடியோவில் கதை தலைகீழாகிறது. அங்கே சுற்றிலும் அமைதி. ஹெட்போன் எதையும் மீறிக் கேட்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். இங்கே ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: ஹெட்போனில் எது மிகையோ, அது பாட்டில் குறையாகும். பேஸ் தூக்கிய ஹெட்போனில் மிக்ஸிங் செய்பவர், இருக்கும் பேஸே அதிகம் என்று நம்பிக் குறைப்பார், பாட்டு மெலியும். ட்ரெபிள் கூர்மையான ஹெட்போனில் செய்பவர் அதை மழுக்குவார், பாட்டு போர்வை போர்த்தியது போல மங்கும். எடைக்கல் கனமான தராசில் நிறுத்தால் யாருக்கு நட்டம் என்று சந்தைக்குப் போகிறவருக்குத் தெரியும். இங்கே நட்டம் கேட்பவருக்கு. அதுவும் மறுநாள் காரில்தான் தெரியவரும்.

ஸ்டுடியோ வேலையே இரண்டு வகை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பாடகர் மைக் முன் நின்று பாடும்போது அவர் தலையில் இருக்க வேண்டியது க்ளோஸ்டு-பேக். ஓப்பன்-பேக் மாட்டினால், காதில் ஓடும் தாளமும் கிளிக் ஒலியும் கசிந்து மைக்கில் ஏறிவிடும். பிறகு குரலைத் தனியாகக் கேட்டால், பின்னணியில் கொசு ரீங்காரம் போல அது கூடவே வரும். 1985 முதல் விற்பனையில் இருக்கும் பேயர்டைனமிக் டி.டி. 770 இந்த வேலைக்குப் பேர்போனது. 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் கிடைக்கிறது. 1991-ல் வந்த சோனி எம்.டி.ஆர். 7506 வானொலி நிலையங்களிலும் படப்பிடிப்புத் தளங்களிலும் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் மேல்வரிசை ஒலி சற்றுக் கூர்மை. பாட்டை ரசித்துக் கேட்பதற்கு அது களைப்பூட்டலாம். ஆனால் குரலில் உள்ள சீறலையும், வெட்டி ஒட்டிய இடத்தின் ‘டிக்’ ஒலியையும் அது மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுப்பதே அங்கே அதன் வேலை.

பதிவு முடிந்து மிக்ஸிங் தொடங்கும்போது ஓப்பன்-பேக்கின் முறை வருகிறது. மூடிய கப்புக்குள் ஒலி சுவரில் மோதித் திரும்பும், தாழ்ந்த ஒலிகள் தேங்கும். திறந்த கப்பில் அது இல்லை. குரலும் வாத்தியங்களும் ஒன்றையொன்று மிதிக்காமல் தள்ளித் தள்ளி நிற்பது தெரியும். 1997-ல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 (300 ஓம்) இந்த வகையில் நெடுங்காலமாக ஒரு அளவுகோலாகவே இருந்துவருகிறது. அந்தத் தராசிலும் ஒரு குறை உண்டு: மிகத் தாழ்ந்த ஒலிகளில் அது சரிந்துவிடும். அதில் மட்டும் கேட்டு அடிவயிற்றை அதிரவைக்கும் பேஸை முடிவு செய்ய முடியாது. குறையே இல்லாத தராசைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எவ்வளவு குறை, எந்தப் பக்கம் குறை என்று தெரிந்த தராசு இருந்தால் போதும். வியாபாரிக்குத் தன் தராசு பழகியிருப்பது போல, மிக்ஸிங் செய்பவருக்குத் தன் ஹெட்போன் பழகியிருக்க வேண்டும். நன்றாக மிக்ஸ் செய்யப்பட்ட, நெஞ்சில் பதிந்த பத்துப் பாட்டுகளை அதில் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் அந்தப் பழக்கத்துக்கு வழி.

‘ஹெட்போனில் மிக்ஸிங் செய்வதே தவறு, மானிட்டர் ஸ்பீக்கர்தான் வேண்டும்’ என்பது பழைய ஸ்டுடியோக்காரர்களின் வாதம். அதில் பாதி உண்மை. ஸ்பீக்கரில் இடப்பக்க ஒலி வலக் காதுக்கும் கொஞ்சம் போகும். ஹெட்போனில் போகாது. அதனால் ஹெட்போனில் எல்லாம் தலைக்குள்ளே, காதோடு காதாக, மிகையான அகலத்தோடு கேட்கும். எதிரொலியின் அளவையும் இட-வலப் பிரிவையும் ஹெட்போனை மட்டும் நம்பி முடிவு செய்தால் ஏமாற நேரிடும். மீதிப் பாதி, வாதம் செய்பவர்களின் ஸ்டுடியோ எங்கே, நம் அறை எங்கே என்பதில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஸ்பீக்கர் வைத்தால், நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸ் அருகிலும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நிலைகொள்ளும். கிக்கின் அடிநாதம் இருக்கும் இடமே அதுதான். நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் பேஸ் கூடும், மறுபடி நகர்த்தினால் காணாமல் போகும். சுவரில் ஒலி உறிஞ்சும் ஏற்பாடு செய்யாத அறையில் ஆயிரங்களைக் கொட்டி ஸ்பீக்கர் வாங்குவதைவிட, நல்ல ஹெட்போன் பேஸ் விஷயத்தில் நேர்மையாகச் சொல்லும். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் இரவு இரண்டு மணிக்கு வேலை செய்யலாம் என்பது கூடுதல் லாபம்.

வீட்டு அறையிலேயே உலகப் புகழ் ஆல்பம் செய்யவில்லையா என்று பாடகி பில்லி ஐலிஷை உதாரணம் காட்டுவார்கள். 2019-ல் வந்த அவருடைய முதல் முழு ஆல்பத்தை அவரும் அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டின் படுக்கையறையில்தான் உருவாக்கினார்கள், உண்மை. ஆனால் அதன் மிக்ஸிங்கைச் செய்தவர் ராப் கினெல்ஸ்கி என்ற தேர்ந்த பொறியாளர். படைப்பு வீட்டில் நடந்தது, நிறுத்துப் பார்ப்பது வேறொரு காதில் நடந்தது. நம் இளம் இசையமைப்பாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இந்த இரண்டாவது பாதியில் இருக்கிறது.

விலை, வயர், மென்பொருள்

விலை கூடினால் ஒலி கூடும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் உண்டு. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவரிசைச் சமநிலையை அளந்து, விலையோடு ஒப்பிட்டு, அமெரிக்க ஒலியியல் கழகத்தின் இதழில் 2017-ல் வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பு காண முடியவில்லை என்பதே அவருடைய முடிவு. இதை ‘மலிவானதே போதும்’ என்று படிக்கக் கூடாது. உழைப்பு, காதுக்கு இதம், உதிரி பாகம் கிடைப்பது ஆகியவை அந்த அளவையில் சேரவில்லை. மேடைக்காரருக்கு விலை வாங்கித் தருவது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆக, பணம் கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்: கீலுக்கா, குஷனுக்கா, ஒலிக்கா, அல்லது பெட்டி மேல் இருக்கும் பெயருக்கா?

வயர் இல்லாத ஹெட்போன்தான் இன்று எங்கும். அதை டிஜே ஏன் மாட்டக் கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். நிமிடத்துக்கு 128 அடி ஓடும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 469 மில்லிசெகண்ட். வழக்கமான ப்ளூடூத் ஒலியை 100 முதல் 200 மில்லிசெகண்ட் தாமதமாகத் தரும். அதாவது அடியில் கால் பாகம் முதல் ஏறக்குறைய பாதி வரை பிந்தும். இரண்டு பாட்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கேட்டால் தாமதம் இரண்டுக்கும் சமம்தானே என்று கேட்கலாம். சமம்தான், ஆனால் சக்கரத்தைத் தள்ளும் கைக்கும் கேட்கும் காதுக்கும் நடுவே அந்தத் தாமதம் நிற்கிறது. தள்ளியது போதுமா என்று காது சொல்வதற்குள் கை அதிகம் தள்ளியிருக்கும். இந்த நிலை மாறிவருகிறது. டென்மார்க்கின் ஐயாயாய் நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த ஹெட்போன் தனி அலைபரப்பி மூலம் தாமதத்தை 16 மில்லிசெகண்டுக்குக் குறைத்தது. பயனியர் டிஜே கருவிகளைச் செய்யும் ஆல்ஃபாதீட்டா 2024-ல் 9 மில்லிசெகண்ட் என்றது. ஒலி மூன்று மீட்டர் நடக்கும் நேரம்தான் அது. இனி வயரின் ஆயுள் எண்ணப்படுகிறது என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் இன்னும் விலை உயர்ந்த சில மாடல்களில்தான் இருக்கிறது. நிகழ்ச்சி நடுவே சார்ஜ் தீரும் கவலையும் கூடவே வருகிறது. அதுவரை சுருள் கேபிளுக்கே ஓட்டு.

ஒரே ஹெட்போனில் இரண்டு வேலையையும் முடிக்கலாமே என்பது கடைசி, ஆனால் மிக நியாயமான மறுப்பு. எல்லோராலும் இரண்டு வாங்க முடியாது. ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் போன்றவை (2014-ல் வந்தது, 38 ஓம், கழற்றி மாட்டும் கேபிள்கள்) ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றே பலர் பைகளில் இருக்கின்றன. மூடியது, மடங்கும், கப் திரும்பும், ஒலியும் ஓரளவு நேர்மை. இப்படி ஒன்றை வாங்குவதில் தவறில்லை, அது எதில் சாய்கிறது என்று தெரிந்திருந்தால். அதன் பேஸ் சற்றுத் தூக்கல். அதைத் திருத்த மென்பொருள்கள் உண்டு. லாட்வியாவின் சோனார்வொர்க்ஸ் போன்றவை ஒவ்வொரு மாடலின் கோணலையும் அளந்து, எதிர்ப்பக்கம் சாய்த்து, நேராக்கித் தருகின்றன. தராசின் கோணல் தெரிந்தால் கணக்கில் சரிக்கட்டலாம் என்பதன் கணினி வடிவம் இது. ஆனால் சரியாகப் பொருந்தாத குஷனையோ, காதுக்கும் கப்புக்கும் நடுவே மூக்குக்கண்ணாடிக் கால் ஏற்படுத்தும் இடைவெளியையோ மென்பொருள் அறியாது. அந்த இடைவெளி வழியே பேஸ் வெளியேறிவிடும்.

▣ பெட்டிச் செய்தி: கடையிலேயே பத்து நிமிடச் சோதனை

• மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து, இரு பக்கமும் ஆட்டுங்கள். நழுவினால் மேடைக்கு ஆகாது.
• பத்து நிமிடம் கழற்றாதீர்கள். காது வலித்தால் நான்கு மணி நேர மிக்ஸிங்குக்கு ஆகாது.
• கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடும் இல்லாமலும் கேளுங்கள். பேஸ் எவ்வளவு மாறுகிறது என்று கவனியுங்கள்.
• கேபிள் கழல்கிறதா, குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.
• நன்கு தெரிந்த பாட்டுகளையே போடுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு அவருடைய சரக்கை விற்பதற்கானது.
• பேர்போன மாடல்களில் போலிகள் உலவுகின்றன. நம்ப முடியாத தள்ளுபடி என்றால் நம்ப வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள்.

விலை கொடுத்து வாங்க முடியாதது

இதுவரை சொன்ன தவறுகளுக்கெல்லாம் மாற்று உண்டு. மெலிந்த பாட்டைத் திரும்ப மிக்ஸ் செய்யலாம், உடைந்த ஹெட்போனை மாற்றலாம். மாற்றவே முடியாத ஒரு பாகம் இந்தச் சங்கிலியில் இருக்கிறது. உட்செவியில் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. மேடை டிஜேவின் நிலை இதில் இரட்டை ஆபத்து: ஒரு பக்கம் பாக்ஸ், இன்னொரு பக்கம் அதை மீறிக் கேட்பதற்காகத் திருகி ஏற்றிய ஹெட்போன். வெளிச்சத்தத்தைத் தடுக்காத ஹெட்போனை மலிவாக வாங்கியவர், அதன் மிச்ச விலையைக் காதால் கட்டுகிறார். தடுப்பு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வால்யூம் ஏறும். ஆகவே மேடைக்கு க்ளோஸ்டு-பேக் வேண்டும் என்பது வசதி பற்றிய அறிவுரை மட்டுமில்லை, உடல்நலம் பற்றியதும்தான்.

ஸ்டுடியோக்காரருக்கு ஆபத்து மெதுவாக வருகிறது. சத்தம் ஏறினால் மனிதக் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் கூடுதலாகக் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் வால்யூமை ஏற்றினால் எந்த மிக்ஸும் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். தோன்றியதை நம்பி இன்னும் ஏற்றுவார்கள். குறைந்த சத்தத்தில், பேச்சுக் குரல் அளவில் மிக்ஸ் செய்வது காதையும் காக்கும், தராசையும் நேராக வைத்திருக்கும். நலமும் தரமும் ஒரே திசையில் போகும் இடங்கள் தொழிலில் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

▣ பெட்டிச் செய்தி: காதின் கணக்கு

• அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்.
• ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 97-க்கு 30 நிமிடம், 100-க்கு 15 நிமிடம்.
• உலக சுகாதார அமைப்பு 2022-ல் இசை அரங்குகளுக்கு வகுத்த தரம்: சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது.
• 12 முதல் 35 வயதுக்குட்பட்ட 100 கோடிக்கும் மேற்பட்டோர் சத்தமாகக் கேட்கும் பழக்கத்தால் செவித்திறன் இழக்கும் ஆபத்தில் இருப்பதாக அதே அமைப்பு கணிக்கிறது.

தீர்ப்பு

மேடையே பிழைப்பு என்றால்: மூடியது, எடை குறைந்தது, கப் திரும்புவது, வயர் உள்ளது, உதிரி பாகம் கிடைப்பது. ஒலி அழகு இந்த வரிசையில் கடைசி. பாடகர்களைப் பதிவு செய்கிறவர் என்றால்: மூடியது, மணிக்கணக்கில் மாட்டினாலும் வலிக்காதது. மிக்ஸிங்கே முதன்மை என்றால்: திறந்தது, அதை ஓட்டும் திறனுள்ள இன்டர்ஃபேஸ், கூடவே கார், கைபேசி, சாதாரண ஸ்பீக்கர் என்று மூன்று இடத்தில் கேட்டுச் சரிபார்க்கும் பொறுமை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், பேஸ் அதிகம் தூக்காத ஒரு மூடிய ஹெட்போனை வாங்குங்கள். மூடியதை வைத்து அறையில் சமாளிக்கலாம். திறந்ததை வைத்து மேடையில் சமாளிக்க முடியாது. பேஸ் தூக்கிய டிஜே ஹெட்போன் ஏற்கெனவே கையில் இருந்தால், அதைத் தூக்கிப் போட வேண்டாம், அதில் கடைசி முடிவை மட்டும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஹெட்போனுக்கு ஒதுக்கிய தொகையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, இசைக்கலைஞர்களுக்கென்று செய்யப்படும் காது அடைப்பான் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். பஞ்சு போல ஒலியை மூழ்கடிக்காமல், எல்லா வரிசையையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பவை அவை. மேடையில் ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் அந்த அடைப்பான். கடிகாரம் பழுதானால் புதிது வாங்கலாம், தராசு பழுதானால் புதிது வாங்கலாம். இரண்டையும் பார்த்துச் சொல்லும் காதுக்கு உதிரி பாகம் எந்தக் கடையிலும் இல்லை.